காது மிஷின் தொலையவில்லை, வகைப்படுத்தப்பட்டிருக்கிறது

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அத்தானும் பேத்தியும் நலம். நீயும் நலமாய் இருப்பதாக நினைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

காது மிஷினை இங்கே மறந்து வைத்துவிட்டாய், கொள்ளுப்பேரன் பேச ஆரம்பித்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறாய், மிஷின் இல்லாவிட்டால் அவன் வாயசைப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். பதறாதே. அது தொலையவில்லை. வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் பேத்தி ஒரு தடவை சொன்னதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. யார் யாரோ எழுதிய மென்பொருளையெல்லாம் அவள் ஆபீஸில் ஒரு பதிவகத்தில் சேர்த்து வைக்கிறார்கள், மலை மாதிரி வந்து குவிகிறதாம், தேடுகிறவர் கையில் அகப்படும்படி வகை பிரிப்பது நம் பேத்தி. அவள் இல்லாவிட்டால் உலகத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் கிடைக்காது. இதை அவள் சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது.

"அலமாரியில ஒரு சாமான் ஒரு தட்டுலதான் இருக்கும் பாட்டி. இங்க ஒண்ணுக்கே நாலு சீட்டு ஒட்டலாம். என்ன வேலை செய்யுது, யாருக்கு, எந்த நிலைமையில இருக்குன்னு. எந்தச் சீட்டு வழியா வந்தாலும் கிடைச்சிடும்" என்றாள்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! அன்றைக்கே வீட்டிலும் தொடங்கிவிட்டேன். உன் மிஷின் மின்சாமான், விருந்தாளி விட்டுப்போனது, மெதுவாகத் தொட வேண்டியது, முதியோருக்கானது, ஆக நாலு வகை. நாலு டப்பாவுக்கும் வகையை ஒட்டி, உள்ளே 'காது மிஷின்' என்று டப்பாவுக்கொரு சீட்டுப் போட்டேன். மிஷினையும் அதில் ஏதோ ஒன்றில்தான் போட்டேன். உன் கடிதம் வந்ததும் நாலையும் திறந்தால் நாலிலும் சீட்டு பத்திரமாக இருக்கிறது.

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வகை இருக்கு பாட்டி. பொருள் எங்க?"

"பொருள் இல்லாம வகை எப்படிடி வரும்? ஒழுங்காத் தேடு."

"எங்க ஆபீஸ்லயே இப்படி ஒரு கேஸ் வந்ததில்ல பாட்டி."

கேட்டாயா, ஆபீஸிலேயே இல்லாததை நான் செய்திருக்கிறேன். ஆகவே கவலையை விடு. இரண்டு நாள் பொறு, ஐந்தாவதாக ஒரு வகை யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. முட்டிக்குத் தைலம் தடவ மறக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஐந்தாவது வகை வேண்டாம். மிஷின் உன் அத்தான் காதில் இருந்தது. "முதியோருக்குன்னு நீதானே ஒட்டியிருந்தே? எனக்காக்கும்னு எடுத்து மாட்டிக்கிட்டேன்" என்கிறார். பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள், தங்கையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். உடனே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். "இன்னைக்கே கூரியர்ல அனுப்பிடு. ஒரு வாரமா நீ பேசுறது முழுசும் கேக்குது."