கப்பலில் ஏறிய திராட்சை ரசம்

பினாங்கு,
1978 மே மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த பிறகு.

பெரும் மரியாதைக்குரிய அல்வால் அத்தான் துரைராஜ் அவர்கள் சமுகத்துக்கு,

மைத்துனன் சிலாஸ் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் யூனிஸும், புதுப்பெண்ணாகிவிட்ட நம் ஜெயசுந்தரியும், மாப்பிள்ளை ஜெயகரனும் ஆண்டவர் தயவில் நல்ல சுகம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் முழங்காலும் சொன்னபடி கேட்கின்றன என்றும், ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் ரோஜாத் தொட்டிகளுக்கு நீங்கள் பஸ் பிடித்துப் போய்த் தண்ணீர் விட்டுவருகிறீர்கள் என்றும் நம்புகிறேன். கல்யாணம் இனிதே முடிந்தது என்று அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அடங்காதவற்றை இதில் எழுதுகிறேன். அக்காவுக்கும் வாசித்துக் காட்டவும்.

செகந்திராபாத் ஸ்டேஷனில் வண்டி நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தீர்கள். "சிலாஸ், அந்தக் கூடையை என்கிட்ட கொடுத்துரு. மெட்ராஸ்ல மதுவிலக்கு. இருக்கிற ரெண்டு வருஷ சர்வீஸையும் ஜெயில்லதான் கழிப்ப" என்றீர்கள். நானும் கொடுக்கத்தான் நினைத்தேன். யூனிஸ் கூடையின் மேல் காலை வைத்துக்கொண்டு உங்களுக்குக் கையசைத்தாளே, அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடையின் கதைதான் இது.

முதலில், அது ஏன் கூடவே வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சம்பந்தி மோசஸ் பினாங்கிலே பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர், கடிதத்தில்கூடச் சிரிக்காதவர். "கேக், ஒயின், பூ எல்லாம் ஹோட்டலிலேயே ஏற்பாடு ஆகிவிட்டது, தாங்கள் எதுவும் கொண்டு வர வேண்டாம், பெண்ணோடு வந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். எனக்குப் பரம திருப்தி. தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைக் கட்டிக் காக்கிறவன் நான், கேட் பாஸ் இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விட்டதில்லை. ஒன்றும் கொண்டு போக வேண்டாம் என்றால் ஒருவனும் ஒன்றும் கேட்கமாட்டான் அல்லவா. யூனிஸ் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள், மடித்து வைத்தாள், மறுநாள் மோண்டா மார்க்கெட்டிலிருந்து கறுப்புத் திராட்சையாக வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். "அவங்கதான் ஒண்ணும் வேண்டாம்னு எழுதியிருக்காங்களே" என்றேன். "அது அவங்க பெருந்தன்மைக்கு எழுதினது. நான் வெறுங்கையோட போய் நின்னா, நாளைக்கு எம்பொண்ணு அந்த வீட்டுல எதை வச்சுத் தலைநிமிந்து நிக்கும்?" என்றாள். அவள் போடும் ஒயின் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் எத்தனை கிளாஸ் குடிப்பீர்கள் என்பதை அக்கா அறிவாள். ஆனால் கிறிஸ்துமஸ் ஒயின் மாதக்கணக்கில் ஜாடியில் அடங்கிக் கிடந்து வருவது. இந்தத் தடவை சம்பந்தி வீட்டார் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். அதனால் ஸ்குவாஷ் பாட்டில்களில் வடித்து ஊற்றி, தக்கையை மேலோட்டமாகச் செருகி, நூலால் கட்டிக் கூடையில் வைத்தபோதும் அது உள்ளே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

மெட்ராஸ் சென்ட்ரலில் நான் பயந்தபடியே நடந்தது. பிளாட்பாரத்தின் முடிவில் ஒரு போலீஸ்காரர் மூட்டைகளைத் தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூடைக்கு வந்ததும் தடி கண்ணாடியில் பட்டு டணக்கென்றது. "இன்னாம்மா இது, பாட்டிலு?" என்றார். பொய் சொல்லிவிடுவாள், மாட்டிக்கொள்வோம் என்று நான் நினைத்தேன். அவள் பொய்யே சொல்லவில்லை அத்தான். நேராக அவர் முகத்தைப் பார்த்து, கோயிலில் நாம் எப்படிச் சொல்வோமோ அப்படியே, "திராட்ச ரசம்யா. மக கல்யாணத்துக்குக் கொண்டு போறேன்" என்றாள். அவர் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தக்காளி ரசம் தெரியும், மொளகு ரசம் தெரியும். திராட்சையில கூடவா ரசம் வெக்கிறீங்க?" என்று கேட்டார். "எங்க ஆளுங்க வைப்போம்யா" என்றாள். "கல்யாணப் பந்தியில ரசம் இல்லாம எப்டி, போங்க போங்க, ஊசிடப் போவுது" என்று வழிவிட்டார். துறைமுகம் போகும் டாக்ஸியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளோ, "நல்ல மனுசன், ஊசிருமேன்னு கவலப்பட்டாரு பாருங்க" என்றாள்.

கப்பலைப் பற்றி எழுத வேண்டுமானால் தனியாகத்தான் எழுத வேண்டும். நீச்சல் குளம் உண்டு, நடனத்துக்குக் கூடம் உண்டு, நம் வெஸ்லி சர்ச் அளவுக்குச் சாப்பாட்டு அறை உண்டு. ஏறுகிற இடத்தில் பர்ஸர் என்று ஒருவர் நின்றார், பயணிகளின் சாமான், சாவி, சச்சரவு எல்லாம் அவர் பொறுப்பு. பம்பாய்க்காரர், வெள்ளை உடுப்பில் மடிப்புக் கலையாமல் இருந்தார். கூடையில் என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். யூனிஸ் "ஒயின்" என்றாள். இங்கே ரசம் செல்லாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியிலிருந்து மதுவகை எதுவும் கேபினுக்குள் போகக் கூடாது, பினாங்கு வரும்வரை கப்பலின் பூட்டிய சரக்கறையில் சீல் வைத்து இருக்கும், இல்லை, சாப்பாட்டு மேஜையில் திறந்து குடிக்கத்தான் வேண்டுமென்றால் மூடி திறப்பதற்கு என்று கட்டணம் உண்டு என்றார். "நான் போட்டதை நான் திறக்கறதுக்கு இவருக்கு எதுக்குக் காசு?" என்று என்னைக் கேட்டாள். நான் கூடையை அப்படியே கடலில் விட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் அது காதில் விழாத மாதிரி, நம் மார்க்கெட்டில் வெங்காயம் பேரம் பேசும் அதே உருதுவில், "சாப், ரக்கோ. லேகின் டைட் நக்கோ கரோ. அந்தர் கியாஸ் ஹை" என்றாள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு இருக்கிறது என்று. பர்ஸருக்கு நம் ஊர் 'நக்கோ'வைக் கேட்டுச் சிரிப்பு வந்ததே தவிர, விஷயம் ஏறவில்லை. விதி என்ன சொல்கிறதோ அதன்படி தக்கைகளை அடித்து இறக்கி, கம்பி சுற்றி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். அந்த நேர்த்தியைப் பார்த்து ஸ்டோர்ஸ்காரனான நான் மனசுக்குள் பாராட்டினேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

மறுநாள் மத்தியானம் மீன்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து ஒரு சத்தம். தட்டுகள் அதிர்ந்தன. இன்ஜினில் ஏதோ என்றார்கள். சற்று நேரத்தில் இன்னொன்று. ஒரு சிப்பந்தி வெளிறிப்போய் ஓடி வந்து, சரக்கறைக் கதவுக்கு அடியில் ரத்தம் வழிகிறது என்றான். சாப்பாட்டு அறையில் ஜெயசுந்தரி உட்படப் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். யூனிஸ் மட்டும் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, "ரத்தமில்ல. எங்கூடை" என்று சொல்லிக் கை கழுவப் போனாள்.

அந்தச் சரக்கறை வாசலில் நான் கண்டதைச் சாகும்வரை மறக்கமாட்டேன் அத்தான். உள்ளே கண்ணாடித் துண்டுகள், சுவரெல்லாம் சிவப்பு, கப்பல் முழுக்கத் திராட்சை வாசனை. பர்ஸரின் வெள்ளைச் சட்டையில் தோள்பட்டை வரை தெறித்திருந்தது. இரண்டு பாட்டில் போயிருந்தது. மீதி நான்கும் அலமாரியில் நின்றன, எது எப்போது வெடிக்கும் என்று தெரியாது. பர்ஸர் கதவுக்கு வெளியே நின்றார், நான் பர்ஸருக்குப் பின்னால் நின்றேன். யூனிஸ் வந்ததும் முதலில் கேட்டது, "யாருக்கும் அடிபடலையே?" இல்லை என்றதும் ஒரு பெரிய துண்டை நனைத்துத் தரச் சொன்னாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். "யூனிஸ், வேண்டாம், வா" என்றேன். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். முதல் பாட்டிலை ஈரத்துண்டால் பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அரக்கை உடைத்து, கம்பியை அவிழ்த்து, தக்கையைக் கட்டைவிரலால் மெல்ல மெல்ல நெகிழ்த்தினாள். கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. உஸ்ஸென்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது பாட்டில். அடுத்ததை எடுத்தாள். நான்கும் பெருமூச்சு விட்டு அடங்கின. வெளியே வந்து ஈரத்துண்டை என்னிடம் நீட்டினாள். அந்தக் கையை அத்தனை பேருக்கு முன்னாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்று அவளே சொன்னாள்.

கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். தூத்துக்குடிக்காரர், தாடி வைத்தவர். வெளிநாடு போக நான் கம்பெனியிடம் வாங்கிய அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன், அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இது கப்பலு. வெடிக்கிற சாமானை வச்சுக்கிட்டு நான் கடல்ல போக முடியாது. மிச்சத்தைக் கடல்ல கொட்டிருவோம்."

"கொட்டுங்க சார். ஆனா அது தானா வெடிக்கல, இறுக்கி மூடுனதுல வெடிச்சுது. பால் குடிச்ச பிள்ளைய ஏப்பம் எடுக்காமப் படுக்கப் போட்டா அது என்ன செய்யும்? தெனம் காலையில ஒருதரம் தக்கையைத் தளத்திவிட்டாப் போதும், அது பாட்டுக்குக் கெடக்கும்."

"யாரு வந்து தளத்துவா?"

"நான்தான். பெத்தவ வேற யாரு?"

கேப்டன் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு பர்ஸரைப் பார்த்து, தினமும் காலையில் இந்த அம்மாவை அழைத்துப் போய், கூட நின்று, திறந்து மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு பினாங்கு வரும்வரை ஒவ்வொரு நாளும் காலைக் காப்பி முடிந்ததும், மாற்றுச் சட்டை போட்ட பர்ஸர் எங்கள் கேபின் கதவைத் தட்டிச் சாவிக்கொத்தோடு நிற்பார். யூனிஸ் முன்னே நடப்பாள், அவர் பின்னே, நான் கடைசியில். முதல் நாள் அவர் கதவுக்கு வெளியே நின்றார். அடுத்த நாள் உள்ளே வந்தார். அப்புறம் ஒருநாள், "மே கரூங்?" என்று, நான் செய்யட்டுமா என்று கேட்டார். யூனிஸ் ஒரு பாட்டிலை அவரிடம் கொடுத்து, "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொடுத்தாள். அது உஸ்ஸென்றதும் அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தன் பிள்ளை முதன்முதலாக ஏப்பம் விட்டதுபோல. பாருக்குப் பொறுப்பானவர், சமையல்காரர், கடைசியில் கேப்டனே, ஒரு வாய் கிடைக்குமா என்று சாடையாகக் கேட்டுப் பார்த்தார்கள். "பொண்ணு மாப்பிள்ளைக்கு முந்தி யாரும் வாய் வைக்கக் கூடாது" என்று கேப்டன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பினாங்கில் இறங்கும்போது கூடையைக் கூலியாள் கையில் கொடுக்கவிடாமல் பர்ஸரே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

கல்யாண விருந்தில்தான் கடைசிக் கண்டம். மேஜைமேல் பிரான்ஸ் தேசத்து ஒயின், உயரமான கண்ணாடிக் கிண்ணங்கள். ஹோட்டல் மேனேஜர் எங்கள் ஸ்குவாஷ் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, வெளிச் சரக்கு மேஜைக்கு வரக் கூடாது என்று சமையலறைக்குள் வைத்துவிட்டார். கேப்டனிடம் வாதாடிய யூனிஸ் இப்போது மேனேஜரிடம் வாதாடப் போகவில்லை. "விடுங்க, பொண்ணு காதுல விழுந்துறப் போவுது" என்று என் கையை அழுத்தினாள். ஆனால் விழ வேண்டிய காதில் அது விழுந்துவிட்டது. ஜெயசுந்தரி சொன்ன கப்பல் விஷயத்தை மாப்பிள்ளை தன் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தார் போலிருக்கிறது. சம்பந்தி மோசஸ் எழுந்தார், கோட்டைச் சரி செய்தார், சமையலறைக்குள் போனார், இரண்டு கையிலும் இரண்டு பாட்டிலோடு வந்தார். பின்னாலேயே வந்த மேனேஜரிடம், "என் மருமகளோட அம்மா கடல்ல உயிரைப் பணயம் வச்சுக் காப்பாத்திக் கொண்டாந்தது. இத ஊத்தாம வேற எத ஊத்துறது? உங்க சார்ஜைப் பில்லுல போட்டுக்குங்க" என்றார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அவரே ஊற்றினார். பிறகு தானும் ஒரு கிண்ணம் குடித்தார். காலிக் கிண்ணத்தை யூனிஸ் பக்கமாக மறுபடி நீட்டினார். ஜெயசுந்தரி தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள் அத்தான்.

ஆகவே, இனிமேல் யூனிஸ் ஒன்று செய்கிறேன் என்றால் குறுக்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நாங்கள் அடுத்த கப்பலில் கிளம்புகிறோம். நாங்கள் வந்ததும் அல்வாலுக்கு வந்து எல்லாவற்றையும் நேரில் சொல்கிறோம். உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் இருவரின் அன்பும், பிள்ளைகள் இருவரின் வந்தனமும். ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலைக் காத்தருள்வாராக.

என்றும் உங்கள் சொல் கேளாத,
சிலாஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் சம்பந்தியம்மாள் மரியபுஷ்பம் வந்து உட்கார்ந்தார்கள். இந்த ஊர்ப் பழங்களில் ஒயின் போடக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், கிறிஸ்துமஸ் வரை யூனிஸ் இங்கேயே இருக்க வேண்டுமாம். ஜெயசுந்தரியும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யூனிஸ் என்னைப் பார்த்தாள். குறுக்கே பேசுவதில்லை என்று இப்போதுதானே எழுதினேன், அதனால் "இருந்துட்டு வா" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே சரி என்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகையால் மேலே கடைசிப் பாராவில் 'நாங்கள்' என்று உள்ள இடத்திலெல்லாம் 'நான்' என்று வாசிக்கவும். அக்காவுக்கு முழங்கால் மிகவும் மோசம், உடனே புறப்படவும் என்று யூனிஸ் பேருக்கு ஒரு தந்தி கொடுத்தால் நல்லது. வேண்டாம், கொடுக்காதீர்கள், பதறிப்போவாள். எனக்குச் சாதம் வடிக்கக்கூடத் தெரியாது. அதைவிட, கப்பலில் கால் வைத்ததுமே அந்த பர்ஸர் "அம்மா எங்கே?" என்று கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு வரி எழுதுங்கள் அத்தான். உங்கள் கடிதம் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடும். இருந்தாலும் எழுதுங்கள்.