லத்தீனில் கேட்காமல் விட்ட தோணி

“செத்துப்போன ஆக்கள்ட பாசையப் படிச்சு யாரோட புள்ள கதைக்கப் போறாய்?”

இப்படிக் கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கேட்ட இடம், சுனாமிக்குப் பிறகு ஆரையம்பதிக் கரையோர ஆட்கள் நாங்கள் ஒதுங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடம். எங்கள் குடும்பத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். மற்றவர்கள் எல்லோரும் கடல் துரத்திய பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

கடல் எங்கள் அம்மாவையும் அப்பாவின் தோணியையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. அம்மா கருவாடு காயப்போடக் கரைக்குப் போனவர். தோணி அவர் பக்கத்தில்தான் ஏற்றி வைத்திருந்தது.

முகாமுக்கு நிவாரணப் பெட்டிகள் வந்தன. யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ இரக்கப்பட்டு அலுமாரியைத் துப்புரவாக்கியிருந்தார்கள். மாமாவுக்குக் கம்பளிக் கோட்டு கிடைத்தது. (மட்டக்களப்பு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவர் சோற்று வரிசையில் நின்றார். சும்மா கிடைத்ததை வீணாக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.) எனக்குக் கிடைத்தது ஆங்கிலத்தில் எழுதிய பழைய லத்தீன் இலக்கணப் புத்தகம். எவரும் எடுக்காததால் எடுத்தேன். பிறகு அழாமல் இருப்பதற்காகப் படித்தேன்.

அந்த மொழியில் வினைச்சொல்தான் அதிகாரி. ஆமியின் சென்றிப்பொயின்ரில் நாங்கள் அடையாள அட்டையை நீட்டுவதுபோல, பெயர்ச்சொல் தன் கடைசி எழுத்தை வினையிடம் காட்டவேண்டும். நேசிக்கிறான், கொல்கிறான், எரிக்கிறான் என்றால் அகப்பட்டவர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கவேண்டும், நம்முடைய ‘ஐ’ போல. சில வினைகளுக்கு அது போதாது. ‘நம்பு’ என்ற சொல்லுக்கு நான்காம் வேற்றுமை வேண்டும். உன்னை நம்புகிறேன் என்று அவர்கள் சொல்வதில்லை, உனக்கு நம்புகிறேன் என்பார்கள். இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

“இவ்வளவு கரச்சலெண்டா ஒருத்தரையும் நம்பாம விடுறதுதான்” என்றார் அப்பா.

ஒரு நாள் முகாமே பரபரத்தது. தோணி இழந்தவர்களுக்கு உதவ இத்தாலிக்காரர்கள் வருகிறார்களாம். அவர்கள் வந்தார்கள்; அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அவருடைய வாகனம் செங்கலடிச் சந்தியில் பழுதாகி நின்றுவிட்டது. அவர்களுடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததில்லை.

அப்பா முன்னுக்குப் போய், கையை வீசி வலை எறிவதுபோலக் காட்டத் தொடங்கினார்.

“அப்பா, சும்மா இருங்க. எல்லாரும் பாக்காங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “ரோமாபுரி இத்தாலியிலதானே இருக்கு. நான் கதைக்கன்.”

“தோணி, வலை. அந்த ரெண்டையும் மட்டும் கேள் மகள்” என்றார் அப்பா. “வேறொண்டும் வேணாம்.”

நான் ஏற்கனவே வசனம் கட்டி வைத்திருந்தேன்: ‘லிந்த்ரெம் எத் ரேத்தே பெத்திமுஸ்.’ தோணியும் வலையும் கேட்கிறோம். தோணியை இரண்டாம் வேற்றுமைக்கு மாற்றியாயிற்று. வலை இரண்டாம் வேற்றுமைக்குச் சட்டை செய்யாமல் அப்படியே நிற்கிற சாதி என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஆனால் முதலில் வணக்கம் சொன்னேன், லத்தீனில். அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு வயதானவர் தொப்பியைக் கழற்றினார். ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார் அவர். எங்கள் துரதிர்ஷ்டம் அப்படி. யார் படிப்பித்தது என்று கேட்டார். புத்தகம் என்று சொன்னேன். ஒரு வினையைத் தந்து எந்த வேற்றுமை என்றார். சொன்னேன். இன்னொன்று. அதையும் சொன்னேன். முகாம் முழுக்க வட்டமாக நின்று பார்த்தது. கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த மாமா பக்கத்திலிருந்தவரிடம், “என்ட அக்காட மகள்” என்றார். தோணியைக் கேட்க அவசரமில்லை, இன்னும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அவர் குரலைத் தாழ்த்தி, சொல் சொல்லாகக் கேட்டார்: “க்வெம் மாரே அப்ஸ்துலித்?” கடல் யாரைக் கொண்டுபோனது?

“மாத்ரெம்” என்றேன். தாயை.

“ஒப்திமே!” என்றார் அவர். மிகச் சிறப்பு!

பாவம், நாற்பது வருடம் வகுப்பறையில் நின்ற நாக்கு. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் சாம்பலாகிவிட்டது. அவரையாவது மன்னிக்கலாம். நான் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தேன். அம்மாவைச் சரியான வேற்றுமையில் சொல்லிவிட்டேன் என்று, எல்லாப் பல்லும் தெரிய, அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

மறுகா நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. கிழவர் அழத் தொடங்கினார். அவர் அழுததைப் பார்த்து நானும் தொடங்கினேன். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே முகாமில் பாதி அழுதது. (காரணம் எல்லோரிடமும் தயாராக இருந்தது.) ஆமி பாதையை மூடுவதற்குள் போகவேண்டும் என்று சாரதி ஹோர்னை அமத்தினார். வாகனம் கேற்றைத் தாண்டிய பிறகுதான் என் வாயில் ‘லிந்த்ரெம்’ வந்தது.

அதே கூட்டம் அடுத்த முகாமுக்குப் போனதாம். அங்கே லத்தீன் தெரிந்த ஒரு சனியனும் இல்லை. ஆம்பிளைகள் வரிசையாக நின்று காற்றில் வலை வீசிக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தோணி வந்தது. எங்களுக்குச் சில மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. என் பெயருக்கு, ஒரு பெரிய லத்தீன் அகராதி.

அப்பா அதைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். “நல்ல பாரம். நங்கூரத்துக்கு ஆகும்” என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. களப்பில், அலையில்லாத உள்நீரில், அடுத்தவர் தோணியில் கூலிக்குப் போனார். சண்டை எங்கள் பக்கம் முடிந்து, பிறகு நாடு முழுவதும் முடிந்து, இரவிலும் களப்பில் இறங்கலாம் என்று விட்டபோது, தோணி இருந்தவர்கள் இறங்கினார்கள். அப்பா கரையில் இருந்து அவர்களுடைய கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தார். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தேன். இப்போது வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறேன். இரண்டாம் வேற்றுமை வரும் நாளில் உதாரணத்துக்குப் பூனையையும் எலியையும் மட்டும்தான் எழுதுவேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒருவர் சரியான காரியத்தைப் பிழையான நேரத்தில் செய்தால் அதற்கு ஒரே ஒரு பெயர்தான். மழை பெய்து ஓய்ந்த பிறகு குடையோடு என்னைக் கூட்டிப்போக வந்த மாமாவுக்கு அப்பா அதைத்தான் சொன்னார். போன மாதம் நான் குழம்புக்கு உப்பை அளந்து போட்டுவிட்டு அடுப்பிலே அதை அடிப்பிடிக்க விட்டபோது, இருவரும் சேர்ந்து கத்தினார்கள்: “ஒப்திமே!”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தோணி கட்டுகிறவருடைய பட்டறைக்குப் போனேன்.

“என்ன வேணும் டீச்சர்?”

“எங்கட அப்பாக்கு ஒரு தோணி வேணும்.”

வாய் தடுமாறவில்லை. நேற்று தோணிக்கு மரம் அறுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.