சான்ஸ் அண்ணாச்சி சொன்ன பத்தில் ஒன்று

அந்தமானில் வளர்ந்து மெயின்லேண்டில் பட்டம் வாங்கியவர்களை நிறுத்தி வைத்து, "உங்களை முதன்முதலில் ஃபெயில் ஆக்கியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர்கூட வாத்தியார் பெயரைச் சொல்ல மாட்டார். சான்ஸ் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் யாருக்கும் அது தெரியாது. தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஃபோர்மேன். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழேயிருந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்பு கேட்டாரென்றால் கடைசி வீட்டுக்காரர்கள் உப்பு ஜாடியோடு வெளியே வருவார்கள்.

இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் அவர் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று சொல்லிவந்தார். நாம் கேட்க வேண்டும் என்ற அவசியமில்லை. மெயின்லேண்ட் போய்வரும் யாரையும் விடமாட்டார். அங்கே அட்மிஷன் சமயத்தில் வந்த பழைய பத்திரிகையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். டெல்லி, கொல்கத்தா, சென்னை என்று எந்த ஊரின் பெரிய கல்லூரியைச் சொன்னாலும் அதன் கட்-ஆஃப் அவர் நாக்கு நுனியில் இருக்கும்.

ஆனால் மார்க்கோடு அவர் கணக்கு முடியாது. "ஏளா, கப்பல்ல வாந்தி எடுப்பியா?" என்பார். எடுப்பேன் என்றால், பத்துக்கு இத்தனை என்று போட்டுவைத்த சான்ஸில் ஒன்றைக் கழிப்பார். "சோறு இல்லாம எத்தன நாள் இருப்ப?" இருக்க மாட்டேன் என்றால் டெல்லியில் இன்னொன்று போச்சு. "சீட்டு கெடைக்கிறது ஒரு சான்ஸ். போயி நிக்கிறது ஒரு சான்ஸ். ரெண்டையும் பெருக்குனாத்தான் உண்மையான சான்ஸ் வரும்" என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். சேர்ந்த வேகத்தில் அழுதுகொண்டு அடுத்த கப்பலிலேயே திரும்பி வந்த பிள்ளைகளை அவர் துறைமுகத்தில் நின்று நிறையப் பார்த்திருந்தார்.

கல்யாணப் பந்தியில் வடையைக் கையில் பிடித்தபடி எதிர் வரிசைப் பையனைப் பார்த்து, "உனக்கு இன்ஜினியரிங் பத்துல ரெண்டுடே!" என்று அறிவிப்பார். அந்தப் பையனுக்குப் பாயசம் இறங்காது. மே மாதம் வந்தால் மார்க்கெட்டில் அவர் தலையைக் கண்டதும் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேறு சந்தில் நுழைந்துவிடுவார்கள். எதிர்வீட்டு மலையாள டீச்சர் ஒருமுறை தன் மகனுக்கு நல்லதாகச் சொல்லட்டும் என்று ஒரு டப்பா பலாச்சுளை சிப்ஸ் கொடுத்தனுப்பினார். அண்ணாச்சி முழுவதையும் தின்றுவிட்டு, காலி டப்பாவைக் கொடுக்கும்போது சொன்னார்: "சிப்ஸ் பத்துக்குப் பத்து டீச்சர். பையன் நாலுதான்."

நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரிலிருந்து ஒரு வங்காளி விவசாயி, மகளை அழைத்துக்கொண்டு பஸ் பிடித்து அவரைத் தேடி வந்தார். மகள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாள். அண்ணாச்சி அவள் மார்க்கைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் அவள் அப்பாவைப் பார்த்தார்.

"தேக்கோ பாய், பேட்டி கா சான்ஸ் அச்சா ஹை. லேகின் ஆப் கா சான்ஸ் பஹுத் கராப் ஹை!"

பெண்ணுக்கு நல்ல சான்ஸ், உமக்குத்தான் மோசம் என்று கேட்டதும் அந்த மனிதர் பதறிப்போனார். நான் எந்தப் பரீட்சையும் எழுதவில்லையே என்றார். "தினம் போன் போட்டு அழுது அவளத் திரும்பி வர வச்சிருவீரு. மூஞ்சியிலயே எழுதியிருக்கு" என்று இந்தியில் விளக்கிவிட்டு, அழமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிய பிறகே டீ கொடுத்தார்.

பிறகு ஒரு வருடம் என் முறை வந்தது. எனக்கு டெல்லியில் எகனாமிக்ஸ் படிக்க வேண்டும். அதுவும் நாட்டிலேயே நாலு பேர் சேர நாலாயிரம் பேர் வரிசையில் நிற்கிற மாதிரியான கல்லூரியில். ரிசல்ட் வந்த அன்றே அண்ணாச்சி வாசலில் வைத்து என்னை மடக்கினார். மார்க்கைக் கேட்டார். வானத்தைப் பார்த்தார். கப்பலில் வாந்தி எடுப்பேனா என்று கேட்டார். எடுப்பேன் என்றேன்.

"பத்துல ஒண்ணு!"

வரிசை முழுக்கக் கேட்டது. எங்கள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எம் பொண்ணுக்கு ஒண்ணு போட இவரு யாரு? ஸ்கூல்லயே யாரும் இவளுக்கு ஒண்ணு போட்டதில்ல!"

அப்பாவுக்கோ உள்ளூரச் சந்தோஷம். மின்துறையில் கிளார்க்கான அவருக்கு, பெண்ணைத் தனியாக டெல்லிக்கு அனுப்ப மனசே வரவில்லை. "அண்ணாச்சியே சொல்லிட்டாரு. பத்துல ஒண்ணுக்குப் போயி எதுக்கு அலையணும்? இங்கயே காலேஜ் இருக்கு" என்று பேச்சை முடித்துவிட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்தச் சேதி எப்படியோ அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து, தலையில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டில் சொட்டும் தண்ணீருமாக நேரே எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றார்.

"என்னவே, நான் சொன்னத வச்சு அவளத் தடுக்கீராமே?"

"நீங்கதானே அண்ணாச்சி ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"ஒண்ணுன்னுதான் சொன்னேன். இல்லன்னு சொன்னனா? டெல்லிக்காரன் பிள்ளைக்கே அங்க அரை தேறாதுவே! நம்ம தீவுப் பிள்ளைக்கு ஒண்ணு வந்திருக்கு. நான் இதுவரைக்கும் அந்த காலேஜுக்கு யாருக்கும் ஒண்ணு போட்டதே கெடையாது, தெரியுமா?"

"பொம்பளப் புள்ள அண்ணாச்சி..."

"பொம்பளப் பிள்ளதான். பூனக்குட்டியா, சாக்குல கட்டி வைக்க? உம்ம அப்பாரு ராமநாதபுரத்துல இருந்து கப்பலேறும்போது யாருட்ட சான்ஸ் கேட்டாரு? மத்த ஒம்பதுக்கும் பயந்திருந்தா நீரு இங்க இருப்பீரா? நான் இருப்பனா? இந்த ஹேடோவுலதான் எவன் இருப்பான்?"

அப்பா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா அவசரமாகக் காபி கொண்டுவந்தாள். கரண்டியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அப்பாவே, "விண்ணப்பத்துக்கு போட்டோ வேணுமாம்மா?" என்று கேட்டார்.

முதல் லிஸ்ட்டில் நான் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது லிஸ்ட்டில் கட்-ஆஃப் சரியாக என் மார்க்குக்கு இறங்கி வந்து நின்றது. மறுநாள் மதியத்துக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் சீட்டு வேறு ஆளுக்குப் போய்விடும். தீவுக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்திராத காலம் அது. மழை பெய்தால் இன்டர்நெட் படுத்துவிடும். மறுநாள் விடிந்ததிலிருந்து வானமே பொத்துக்கொண்டு ஊற்றியது.

அப்பாவும் நானும் பஜாரிலிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். எங்களுக்கு முன்னால் அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு அங்கே நின்றிருந்தார். கல்லூரியின் பக்கம் திரையில் பாதிக்கு வரும், நிற்கும். மறுபடி முதலிலிருந்து. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. வங்காளிக் கடைக்காரர் கையை விரித்தார். "சப் லோக் ஏக் சாத் சலா ரஹா ஹை, க்யா கரேகா?" எல்லாரும் ஒரே நேரத்தில் உபயோகித்தால் நான் என்ன செய்வேன் என்றார்.

அவ்வளவுதான். அண்ணாச்சி ஒரு ஸ்டூலில் ஏறினார்.

"சப் பந்த் கரோ! அந்தமான் கா சீட் ஜா ரஹா ஹை!"

எல்லாவற்றையும் அணை என்று, கிரேனை நிறுத்தும் அதே குரலில். அந்தமானின் சீட்டே பறிபோகிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கேரளாவிலிருக்கும் மனைவியோடு வீடியோவில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலுமி அவளிடம் சொல்லாமலே அணைத்தார். எல்லாரும் அணைத்தார்கள். மூலையிலிருந்த தெலுங்கு இளைஞன் மட்டும் கெஞ்சினான். நாள் கணக்காக ஒரு சினிமாவை இறக்கிக்கொண்டிருந்தவன் அவன்.

"அங்கிள், நைன்ட்டி நைன் பர்சென்ட் ஹோ கயா! ஒன் பர்சென்ட் பாக்கி!"

அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து குனிந்து அவனைப் பார்த்தார். "அந்த ஒண்ணு வராமலும் போகலாம்டே. பந்த் கரோ."

பாவம், அணைத்துவிட்டான். எல்லாரும் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் வட்டம் சுற்றியது. அப்பா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. பக்கம் மெதுவாக, சுருட்டிய துணி விரிகிற மாதிரி கீழே கீழே இறங்கி, பொத்தான் தெரிந்தது. அழுத்தினேன். மறுபடி வட்டம். பிறகு பச்சை நிறத்தில் என் பெயரும், உறுதி செய்யப்பட்டது என்ற வரியும் வந்தன.

கடை அதிர்ந்தது. முதலில் ஓடிவந்து கைகொடுத்தவன், சினிமாவைப் பறிகொடுத்த அந்தத் தெலுங்குப் பையன்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி ஸ்டூலை விட்டு இறங்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியாளா? நான் சொன்ன அந்த ஒண்ணு இதுதான். என் கணக்கு தப்பாது!"

கிடைக்காமல் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அந்த வருடம் டிசம்பர் விடுமுறைக்குக் கப்பலில் வந்து இறங்கினேன். துறைமுக வாசலில் அண்ணாச்சி, மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு இளம் இன்ஜினியரோடு நின்றிருந்தார். இந்தத் தீவில் இருந்துகொண்டு பிள்ளைகள் என்னத்தைப் படித்துவிட முடியும் என்று அந்த மனிதர் வாய்தவறிக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது.

அண்ணாச்சி ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டார்.

"ஏன் சார், டெல்லில எகனாமிக்ஸ் படிக்கோமே! மூணாவது லிஸ்ட்ல சேந்தோம். மொத செமஸ்டர் நல்லாத்தான் எழுதியிருக்கோம். குளிருதான் தாங்கல. ஹாஸ்டல்ல சப்பாத்தியும் வறவறன்னு இருக்கு."

இன்ஜினியர் அவருடைய நரைத்த மீசையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணாச்சி பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.