நெய் வாயுவான கதை

அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுப்பராயலு, பதினெட்டு வருஷமாக மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நகல் எடுத்தவர். எடுத்ததில் பாதியாவது தன் மண்டைக்குள்ளும் பதிந்திருக்கும் என்று நம்பினார். அதனால் ஐந்தாவது படிக்கும் மகள் லேகாவுக்குத் திடம், திரவம், வாயு மூன்றையும் தானே சொல்லித் தரப்போவதாக ஒரு மார்கழிக் காலையில் அறிவித்தார்.

"ஐஸ் கட்டி எடுத்தாரவா மாமா?" என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"ஐஸ எல்லா வூட்லயும்தான் காட்டுவாங்க. நெய் கொண்டா."

புஷ்பவள்ளி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று டாக்டர் நெய்யை நிறுத்தி நாலு மாசம். சுப்பராயலு கனவில்கூட வெறும் பொங்கல்தான் வந்துகொண்டிருந்தது.

"திருவாதிரைக் களிக்கு வச்சிருக்கறது மாமா."

"புள்ள படிப்பு முக்கியமா, களி முக்கியமா?"

"ஒரு ஸ்பூன் போதாதா?"

"ஒரு ஸ்பூன்ல வாயு தெரியாதுடி."

கிண்ணம் வந்தது. நெய் பனிக்கு உறைந்து கல்லாகக் கிடந்தது.

"இது திடம்" என்றார். அடுப்பில் காட்டி உருக்கினார். "இது திரவம். போம்மா, நோட்ட எடுத்தா."

லேகா உள்ளே போனாள். அதே நேரம் வாசலில் தண்ணி வண்டி வர, புஷ்பவள்ளி குடத்தோடு ஓடினாள். சுப்பராயலுவுக்கு அவ்வளவு நேரம் போதும்.

லேகா திரும்பி வந்தபோது கிண்ணம் துடைத்த மாதிரி இருந்தது.

"நெய் எங்கப்பா?"

"அதான் வாயு. கண்ணுக்குத் தெரியாது. எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். குடத்தை இறக்கிவிட்டு வந்த புஷ்பவள்ளி, நோட்டையும் கிண்ணத்தையும் பார்த்தாள். கோபப்படவில்லை.

"லேகா, வாயுவ குளுர வச்சா என்னாவும்?"

"திரும்பத் திரவமாயிடும்மா. மிஸ் சொன்னாங்க."

புஷ்பவள்ளி பிரிட்ஜில் மாவை மூடியிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து அவர் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"ஊதுங்க மாமா."

"எதுக்கு?"

"புள்ள படிக்க வேணாமா? ஊதுங்க."

ஊதினார். தட்டு வேர்த்தது. லேகா குனிந்து மோந்து பார்த்தாள்.

"அம்மா! நெய் திரும்ப வந்துடுச்சிம்மா!"

திருவாதிரை அன்று, பக்கத்து வீட்டு மாலதி கொடுத்த நெய்யில் களி முந்திரியோடு மினுங்கியது. அன்று லேகா நோட்டில் இன்னொரு பக்கம் எழுதினாள்: 'திடம், களி. நானும் அம்மாவும் சாப்பிட்டோம். திரவம், ஏழுகறிக் குழம்பு. அதையும் நாங்களே ஊற்றிக்கொண்டோம். வாயு, வாசனை. அது அப்பாவுக்கு.'

கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்று இருந்த இடத்தைப் புஷ்பவள்ளி விரலால் காட்டினாள்.

சுப்பராயலு போட்டார்.