ஆறு துண்டாகப் பிளந்த எதேச்சாதிகாரம்

பூமியில் இதுவரை கவிழ்ந்த ஆட்சிகளெல்லாம் உச்சரிப்புப் பிழையால்தான் கவிழ்ந்தன. எங்கள் தையல்கூடத்து அசையண்ணன் மட்டும் அரசர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைத் திருத்தியிருந்தால் ஒரு சிம்மாசனமாவது ஆடியிருக்குமா?

விறகு பிளப்பவரைப் பார்த்திருப்பீர்கள். இது சொல் பிளக்கும் இனம். பசிக்கிறது என்றால் சோறு போடாது. பசி எந்த வேரிலிருந்து முளைத்தது என்று சொல்லும். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் கெட்டிக்காரரான அசையண்ணன் காதில் நீளமான அரசியல் சொல் ஏதாவது விழுந்துவிட்டாலோ, கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, விரலை மடக்கி, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் உங்கள் வாயில் ஊட்டி, நீங்கள் மென்று விழுங்கும்வரை நகரமாட்டார். பாவம், நல்ல மனுஷன். யார் மெஷினில் நூல் அறுந்தாலும் முதலில் ஓடிவருவது அவர்தான். வந்தபின் வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

மேலாளர் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார். சில நேரம் சிரிப்பதோடு சரி. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். முதலாளியின் கார் வெளியே போகும்போது வாசலில் மறித்துக் கோஷம் போடுவது என்று முடிவாயிற்று. கோஷம் எழுதியவர் வேறு யார்?

"எதேச்சதிகாரம் ஒழிக" என்று வாசலோரம் நின்று ஆரம்பித்தார் காலர் தைக்கும் அக்கா.

"நிறுத்தும்மா. 'சா' எங்க போச்சு? எ, தேச், சா, தி, கா, ரம். ஆறு துண்டு. இஷ்டம் ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம், ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்தது. யாரையும் கேக்காம தன் இஷ்டத்துக்கு எல்லாரையும் ஆட்டிவைக்கிறது. புரியுதா?"

"புரியுதுண்ணே. காலையிலேர்ந்து அதைத்தானே அனுபவிக்கிறோம்."

"மறுபடி சொல்லு."

"சாவியைக் குடுன்னு கத்தினா போதாதாண்ணே?"

"சாவியில என்னம்மா கருத்து இருக்கு?"

மறுபடி சொன்னார்கள். 'சா' குறைந்தது. பிறகு கூடிப்போயிற்று. கடைசியில் எல்லா வாயும் ஒரே வாயாகி, ஆறு துண்டும் பிசிறில்லாமல் விழுந்தபோது அண்ணன் கண்ணில் நீர். மூடியிருந்த கண்ணைத் திறந்து பார்த்தார். காவலாளி வெளிக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கார் போய் வெகுநேரமாகியிருந்தது.

"கேக்க நல்லா இருந்துச்சு" என்றார் காவலாளி.

அக்கா மேலாளர் அறையை நோக்கி வேகமாக நடந்தார். சாவி கேட்கத்தான்.

சிரிக்கிறீர்களா? அந்தச் சொல் வடமொழிப்படி 'ய'வில் அல்லவா தொடங்கவேண்டும் என்று இவ்வளவு நேரமாக உங்கள் நாக்கு நுனி அரிக்கவில்லையே? அரித்திருந்தால் வீட்டில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்; அவர்கள் எப்போதோ உங்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருப்பார்கள்.

இதுவரை எழுதி முடித்தபோது என் தோளுக்குப் பின்னால் தொண்டை செருமும் சத்தம். அசையண்ணன் முழுக்கப் படித்துவிட்டார். ஒரு பிழைகூடத் திருத்தவில்லை.

"நல்லாத்தான்டா எழுதியிருக்கே. நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன், சரி. கார் போனதை யார் பார்த்தாங்கன்னு எழுதலையே?"

பேனாவை மூடப் போனேன்.

"வாசலுக்கு நேரா நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தியே, அதையும் எழுது."