அண்ணனுக்காக நான் சொன்ன கபூல்

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும் ரகம் நான். மட்டாஞ்சேரியில் எங்கள் மசாலாக் கடைக்கு வருகிறவர் வாயைத் திறந்தாலே போதும், ஏலக்காயைப் பொட்டலம் கட்டிவிடுவேன். (பாவம், அவர் வழி கேட்க வந்திருப்பார்.)

இப்படிப்பட்டவன் கையில் அண்ணனின் நிக்காஹ் அன்று மைக்கைக் கொடுத்தது வீட்டாரின் குற்றம். இன்றும் இதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

பெண்வீட்டார் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். மணப்பெண்ணும் மற்ற பெண்களும் மண்டபத்தின் மாடியில். கீழே நடப்பது அவர்களுக்கு ஸ்பீக்கரில்தான் கேட்கும். பெண்ணின் அத்தா அண்ணன் கையைப் பிடித்து, மகளை நிக்காஹ் செய்து தருவதாகச் சொன்னார். அண்ணன் "கபூல்", அதாவது ஏற்றுக்கொண்டேன், என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் அவன் கைக்குட்டையைத் தேடி வியர்வையைத் துடைக்கத் தொடங்கினான். அந்தத் தாமதத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"கபூல்!" என்றேன். மைக்கில்.

மாடியில் குலவைச் சத்தம் கிளம்பியது. கீழே பெண்ணின் அத்தா கையை உதறினார்.

"யா அல்லாஹ்! நான் யாருக்குப் பொண்ணு கொடுத்தேன்? மாப்பிள்ளைக்கு வாய் இல்லையா? எந்திரிங்க எல்லாரும், போலாம்!"

"ஹமுக்கு! மடையா!" என்று என் அத்தா பல்லைக் கடித்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் கல்யாணம் என் வாயால் நிற்கப்போகிறதே! சரிசெய்கிறேன் பேர்வழி என்று, "மாமா, சத்தியமா எனக்குக் கபூல் இல்லை!" என்று அலறினேன். அதுவும் மைக்கில்தான். மாடியில் குலவை நின்று அழுகை தொடங்கியது.

அப்போது பெண்ணின் அத்தாவுக்குப் போன் வந்தது. மாடியிலிருந்து மணப்பெண்தான்.

"அத்தா, இன்னொரு தடவை கேளுங்க. முதல்ல அந்த மைக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினார்கள். அண்ணன் மைக் இல்லாமலே தன் சொந்த வாயால் கபூல் சொன்னான். கல்யாணம் நடந்தது.

அந்த மணப்பெண், இப்போது என் மதினி, திருப்பூணித்துறைப் பள்ளியொன்றில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியை. ஊரே எனக்குத் திமிர் என்றபோது, "திமிரெல்லாம் இல்லை, பிரேக் கொஞ்சம் லேட்டாப் பிடிக்குது" என்று டாக்டரிடம் கூட்டிப்போனார். ஏடிஎச்டி என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். அதோடு, பேசுமுன் ஓர் ஏலக்காயைக் கடிப்பது என் சொந்த வைத்தியம். கடித்து முடிப்பதற்குள் எதிராளி கேள்வியை முடித்துவிடுகிறார். இப்போது கடையில் என்னைவிடப் பொறுமைசாலி கிடையாது.

அண்ணன் பாடுதான் திண்டாட்டம். அவன் அதிகாரமாகச் சாயா கேட்டால் மதினி அசையாமல் சொல்வார்:

"நீங்க மைக் இல்லாம சொன்னது மாடிக்குக் கேக்கவே இல்லை. தம்பி சொன்ன கபூல் கேட்டுச்சு, அவரும் உடனே இல்லைன்னுட்டார். கணக்குப்படி நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லை. சாயாவை நீங்களே போட்டுக்குங்க."