மலர்வளையம் மணமாலையான படலம்

வாழ்க தீபா! நாகல் நகர் மாடியறையில், ஓடாத ஏசியின் கீழ், மூவர் எழுதிய பழைய நிரலோடு தனியொருத்தியாய்ப் பொருத வீரவல்லி, ஆறிய டீயையும் அஞ்சாது அருந்தும் நெஞ்சுரத்தாள் வாழ்க! அவள் புகழைப் பாட, நாமகளே, சற்று நேரம் என் நாவில் வந்தமர்க!

போரின் மூலம் இதுதான். சகாயராணியின் பூக்கடை வலைத்தளத்தில் கல்யாண ஆர்டருக்கு மஞ்சள் பக்கம், துக்க ஆர்டருக்கு வெள்ளைப் பக்கம். அதைக் கட்டிய மூவரில் ஒருவனான பக்கத்து நாற்காலி சார்லஸ், ஆர்டர் எதற்கு என்று அறியும் விதியைத் தனியே எழுதச் சோம்பி, 'மஞ்சளானால் மாலை, வெள்ளையானால் மலர்வளையம்' என்று நிறத்தின் தலையிலேயே கட்டிவிட்டான். மஞ்சள் கண்ணைக் குத்துகிறது என்று சகாயராணி சொல்ல, விவரம் அறியாத தீபா கல்யாணப் பக்கத்தையும் வெள்ளையாக்கினாள். அன்று மாலையே போன் அலறியது; மறுமுனையில் சகாயராணி.

"ஏம்மா தீபா, செம்பட்டி சோலைமலை மகளுக்கு விடிஞ்சாக் கல்யாணம். ரெண்டு மலர்வளையம், 'ஆழ்ந்த இரங்கல்'னு கடைப் பிரிண்டர்ல சீட்டு வந்திருக்கு! நான் வீட்டுக்குக் கிளம்புறேன். கட்டுற ஆளுக சீட்டுல என்ன வருதோ அதைத்தான் கட்டுவாக, பாத்துக்க."

"திரும்ப மஞ்சளாக்கிரு, ரெண்டு நிமிச வேலை. டீ குடிக்கப் போவோம்" என்றான் சார்லஸ்.

வெகுண்டெழுந்தாள் தீபா. "கேள் சார்லஸ்! முகம் வேறு, மூளை வேறு! காட்டுவதே பக்கத்தின் கடன்; மாலையா வளையமா என்று தீர்ப்பது அதன் கடனன்று. இரண்டையும் பிரிக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழேன்!" என்று நின்றபடி சூளுரைத்தவள், பிறகு உட்கார்ந்தாள்.

விசைப்பலகை முரசென அதிர, விரற்படை பத்தும் ஒருங்கே பாய, நிறத்துக்குள் பதுங்கிய விதியை அவள் மயிர்பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க, எழுத்தின் பருமனைப் பார்த்து ஊரின் தூரத்தை முடிவுசெய்யும் இன்னொரு விதி பல்லிளித்து எழுந்தது. அதையும் வெட்டி, மாலைக்குரியதை மாலைக்கும் வளையத்துக்குரியதை வளையத்துக்கும் வகுத்து, விதிகளையெல்லாம் தனிக்கோப்பில் குடியமர்த்தி, பக்கத்தை வெறும் அழகாக விட்டுவைத்தாள். பாவம், அவளுக்கு முதுகு விட்டுப்போயிற்று.

வெற்றியை உலகறியச் சோலைமலையின் ஆர்டரை மறுபடி அனுப்பினாள். பக்கத்தைப் பச்சையாக்கி அனுப்பினாள், ஊதாவாக்கி அனுப்பினாள், இழவுக் கருப்பாக்கியும் அனுப்பினாள். நிறம் எதுவாயினும், திரையில் 'மணமாலை இரண்டு, மங்களம் உண்டாகுக' என்றே மலர்ந்தது! ஆனந்தக் கண்ணீர் உகுத்தாள் அணங்கு. திண்டுக்கல் மலைக்கோட்டை கேட்க, "பிரித்தேன்! பிரித்தேன்!" என்று முழங்கினாள். நிறம் மாற்றும் இன்பத்தில் விடியும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் போன் வந்தது. "ஏம்மா, செம்பட்டிக்கு ஒரு ஆட்டோ கொள்ள மாலை கட்டியாச்சு, இன்னும் சீட்டு வந்துக்கிட்டே இருக்கே, கல்யாணம் ஒண்ணுதானே?"

சோதிக்கும்போது கடைப் பிரிண்டரைத் துண்டித்துவைக்க தீபா மறந்திருந்தாள்.